எண் இல்லாத அழைப்பிதழ்

மனை விற்கும் விளம்பரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மனைப்பிரிவுக்கு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், கொடுத்த பதிவு எண் வேண்டும். அதை விற்றுத் தரும் ஏஜெண்டின் பதிவு எண்ணும் வேண்டும். படிக்கிற அளவில் இருக்க வேண்டும். எறும்பு எழுத்தில் ஓரமாக ஒளிக்கக் கூடாது. மனைப்பிரிவுக்கு எண் வருவதற்கு முன்னால் நோட்டீஸ், பேனர், வாட்ஸ்அப் படம், ஆட்டோவில் மைக் எதுவும் கூடாது. முன்பணம் என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. போளூரில் என் ஆபீசுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இதை நானே பாடம் எடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் இந்த விதியை மீறினேன். அதற்கான விலையை வேறொரு பெண் கொடுத்தாள்.

நான் முதலில் இன்சூரன்ஸ் பாலிசி பிடித்துக்கொண்டிருந்தவள். மகளிர் குழுக் கூட்டம் எங்கே நடந்தாலும் போய் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். அதனால் மலையடிவார ஊர்களில் எனக்குத் தெரியாத வீடு குறைவு. பிறகு நிலத்தின் பக்கம் வந்தேன். எங்கள் பக்கத்தில் புரோக்கர் என்றால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள்தான். சட்டைப் பையில் யாருடைய பட்டாவோ ஜெராக்ஸாக மடித்து இருக்கும். முறையாக விண்ணப்பித்து, ஏஜெண்ட் பதிவு வாங்கி, சான்றிதழைச் சட்டம் போட்டு நாற்காலிக்கு மேலே மாட்டியவள் அந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.

"இன்னா மேடம், சாமி படத்தவிட பெருசா மாட்டிக்கினு கீறீங்க" என்று பெஞ்சுக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

நான் சிரிக்க மாட்டேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது போளூருக்கே தெரியும். எண் போடாமல் நோட்டீஸ் அடித்த ஒரு மனுஷரிடம் பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்று சண்டை போட்டிருக்கிறேன். அவர் கையிலிருந்த நோட்டீஸ் கட்டைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அன்று கூடிய கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஒருமுறை அச்சில் போட்டதே போதும்.

போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் ரோட்டில், வளைவுகள் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் ஊர். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். மானாவாரி நிலம் ஒன்றரை ஏக்கர், மாடு இரண்டு, வெளியூரில் வேலை செய்யும் ஒரு மகன். குழுக் கூட்டங்களில் பழக்கமாகி எனக்கு அக்கா ஆனாள். போகும்போதெல்லாம் மோர் கொடுப்பாள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வாள்.

அந்த ஊரில் அவளுக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. அவள் கை ராசியான கை. ஆடியில் மழை விழுந்து மல்லாட்டை விதைக்கும்போது, முதல் உழவுச் சாலில் முதல் பிடிக் கொட்டையை அவள் கையால் போட வேண்டும் என்று ஊரே கேட்கும். மல்லாட்டை என்பது வேர்க்கடலைதான். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். அந்தப் பத்து நாளும் அக்காவுக்கு நிற்க நேரம் இருக்காது. விடியற்காலையிலேயே யாராவது வந்து வாசலில் நிற்பார்கள். குளித்து, நெற்றியில் மஞ்சள் வைத்துக்கொண்டு போவாள். கிழக்கே பார்த்து நின்று, ஒரு பிடி போட்டுவிட்டு அடுத்த நிலத்துக்கு நடப்பாள். இதற்குக் கூலி கிடையாது. அறுப்பு முடிந்ததும் ஆளுக்கு ஒரு படி கொட்டை கொண்டுவந்து வைப்பார்கள், அவ்வளவுதான். கறவை மாடு வாங்கினால் கயிற்றை முதலில் அவள் கையில் கொடுப்பார்கள். பெண்ணுக்குப் புடவை எடுத்து வந்தால் அவள் தொட்டு எடுத்துத் தர வேண்டும்.

நான் படித்தவள் என்ற திமிரில் ஒருநாள் கேட்டேன். "நெஜமாவே உங்க கையில ஏதாச்சும் இருக்குதாக்கா?"

"எனக்கு இன்னா தெரியும்? போடச் சொல்றாங்க, போடறேன். ஆனா ஒண்ணு தங்கச்சி. கேக்கறவங்க மனசுக்கு அது ஒரு தெம்பு. அதுக்காகவே நான் கோவம் கீவம் இல்லாம, யாரையும் திட்டாம இருக்கணும்னு பாப்பேன்" என்றாள்.

அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அந்த ஊருக்கு அருகே, ரோட்டை ஒட்டிய நிலத்தில், செங்கம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் மனைப்பிரிவு போட்டார். எல்லாரும் அவரை முதலாளி என்றே கூப்பிடுவார்கள். முதல் பகுதியை ஒழுங்காகச் செய்தார். அப்ரூவல், ரெரா எண், எல்லாம் வந்த பிறகுதான் நோட்டீஸ் அடித்தோம். அந்த நோட்டீசை எழுதியது நான்தான். மலைக்காற்று, நல்ல தண்ணீர், தார் ரோடு என்று நான் எழுதினால் அது பாட்டு மாதிரி இருக்கும் என்று முதலாளி சொல்வார். மனைகள் ஆறு மாதத்தில் விற்றன. வாங்கியவர்கள் பெரும்பாலும் பெங்களூர், சென்னைக்காரர்கள். எனக்கும் நல்ல பெயர் கிடைத்தது.

இரண்டாம் பகுதிக்கு அதை ஒட்டியே எட்டு ஏக்கர் வாங்கினார். இது மலைக்கு இன்னும் நெருக்கம். விண்ணப்பம் போட்டாயிற்று, எண் மட்டும் வரவில்லை. ஆனி மாதம் பாதி தாண்டிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஆடியில் யாரும் நிலம் வாங்க மாட்டார்கள். ஆனி முடிவதற்குள் ஆரம்பிக்கவில்லை என்றால் ஆவணி வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். முதலாளி தினமும் ஃபோன் செய்தார்.

"நோட்டீஸ் அடிக்க முடியாதுங்க. எண் இல்லாம நான் ஒரு வரி எழுத மாட்டேன்" என்று கறாராகச் சொன்னேன்.

"வெளம்பரம் வேணாம் மேடம். வேற வழி ஏதாச்சும் சொல்லுங்க. உங்க மூளைக்கு எட்டாததா?"

இந்தப் புகழ்ச்சியில்தான் விழுந்தேன். அவர் என்னை மிரட்டியிருந்தால் நிச்சயமாகத் திருப்பிக் கத்தியிருப்பேன். மூளை என்றதும் மூளையைக் கசக்க ஆரம்பித்தேன். இரண்டு நாளில் வழி கிடைத்தது. விளம்பரத்துக்குத்தானே எண் வேண்டும்? பூமி பூஜைக்கு அழைப்பிதழ் அடித்தால்? எங்கள் ஊரில் காதுகுத்தில் தொடங்கி போர்வெல் போடுவது வரை எல்லாவற்றுக்கும் பத்திரிகை உண்டு. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, வீடு வீடாக வெற்றிலை பாக்கோடு வைத்துக் கூப்பிட்டால் அது அழைப்பு. அழைப்பை யார் விளம்பரம் என்று சொல்ல முடியும்? இப்படி யோசித்தபோது எனக்கு என்னையே தட்டிக்கொடுக்கத் தோன்றியது. இன்றைக்கு நினைத்தால் உடம்பு கூசுகிறது.

முன்பக்கத்தில் பிள்ளையார் படம், சுபதினம், சுற்றமும் நட்பும் சூழ வாருங்கள். பின்பக்கத்தில் மனைகளின் வரைபடம், நடுவில் முப்பதடி ரோடு, மூலையில் எங்கள் ஃபோன் நம்பர். அப்படியே பார்த்தால் முன்பக்கத்தின் அடியில் ஒரு இடம் காலியாக நின்றது. வழக்கமாக நான் பதிவு எண்ணைப் பெரிய எழுத்தில் போடுகிற இடம் அது. அங்கே என்ன போடுவது என்று யோசித்தேன். அக்காவின் பெயரைப் போட்டேன். 'கைராசிக்கு ஊரறிந்த' என்று தொடங்கி, அவள் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டு, 'அவர்கள் தம் கையால் முதல் கல் நடுவார்' என்று எழுதினேன்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அக்காவிடம் போய்ச் சொன்னேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"எனக்கு இன்னா தெரியும் மனையைப் பத்தி? நான் மல்லாட்டை போடறவ."

"கல்லைத் தொட்டு வெக்கறதுதாங்க்கா. வேற ஒண்ணியும் இல்ல."

"நெலத்துல வில்லங்கம் இல்லியே?"

"நான் பாத்துட்டேங்க்கா."

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு கேட்டாள், "நம்பரு நம்பருன்னு கூட்டத்துல எல்லாம் சொல்வியே தங்கச்சி, அது வந்துடுச்சா?"

அந்தக் கேள்வியை ஊரில் வேறு யாரும் கேட்கவில்லை, அவள் ஒருத்திதான் கேட்டாள். என் பாடத்தை உண்மையாகக் காதில் வாங்கியவள் அவள்தான்.

"அடுத்த வாரம் வந்துடுங்க்கா" என்றேன்.

"நீ சொன்னா சரி" என்றாள்.

நான் பார்த்துவிட்டேன் என்று சொன்னதும் முழு உண்மை இல்லை. பட்டாவைப் பார்த்தேன், வில்லங்கச் சான்றிதழைப் பார்த்தேன். அளவை வரைபடத்தைப் பார்க்கவில்லை. முதல் பகுதியில் எல்லாம் சரியாக இருந்ததால் இதுவும் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பூஜை நன்றாக நடந்தது. பந்தல், சாம்பார் சாதம், வடை, பாயசம். அக்கா புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மகன் அனுப்பியது என்று என்னிடம் முந்தானையைத் தொட்டுக் காட்டினாள். மஞ்சள் அடித்த கல்லைக் குழியில் வைத்து, மேலே ஒரு பிடி மண் போட்டாள். யாரோ குலவை போட்டார்கள். அக்காவின் முகத்தில் வெட்கமும் பெருமையுமாக ஒரு சிரிப்பு இருந்தது. சாப்பாடு முடிந்ததும் முதலாளியின் ஆள் மேசை போட்டு உட்கார்ந்தான். வெளியூர்க்காரர்கள் வரைபடத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவின் ஊர்க்காரர்கள் கேள்வியே கேட்கவில்லை. அவள் கல் நட்ட இடத்தில் தங்களுக்கும் ஒன்று இருக்கட்டும் என்று பதினோரு வீட்டுக்காரர்கள் அன்றைக்கே முன்பணம் கொடுத்தார்கள். முதல் பகுதியில் அந்த ஊரிலிருந்து ஒருவர்கூட வாங்கவில்லை என்பதை அப்போது நான் யோசிக்கவே இல்லை. முதல் பகுதிக்கு எண் இருந்தது, அக்கா இல்லை.

அடுத்த வாரம் எண் வரவில்லை. ஆடி போயிற்று, ஆவணியும் போயிற்று. ரெராவிலிருந்து ஒரு கடிதம்தான் வந்தது. அளவை வரைபடத்தில் ஒரு ஓடை காட்டியிருக்கிறது, அதன் குறுக்கே மனைகள் போடப்பட்டுள்ளன, திருத்தி அனுப்பவும் என்று இருந்தது. நான் நேரே போய் முதலாளியிடம் நின்றேன்.

"அது காஞ்சு போன ஓடை மேடம். அதுல எவன் தண்ணியப் பாத்தான்? ஜேசிபி வுட்டு எப்பவோ மட்டம் பண்ணியாச்சு" என்றார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மலையில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் எட்டு ஏக்கரின் நடுவே, மட்டம் செய்த இடத்திலேயே, செம்மண் தண்ணீர் முழங்கால் ஆழத்துக்கு ஓடியது. ஓடை தன் வழியை மறக்கவில்லை. மனைகளின் எல்லைக்கு நட்ட மஞ்சள் கற்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. அக்கா நட்ட கல் எங்கே போனது என்றே தெரியவில்லை. ஊர் மொத்தமும் ரோட்டில் நின்று அதைப் பார்த்தது. அடுத்த மாதம் விண்ணப்பம் தள்ளுபடியானது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நோட்டீசில் அந்த எண்ணைப் போடச் சொல்வது வெறும் சம்பிரதாயம் என்றுதான் உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன். அந்த எண்ணுக்குப் பின்னால் யாரோ ஒருவர் அளவை வரைபடத்தை மேசையில் விரித்து, ஓடை எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார். அந்த வேலை முடிகிற வரை வாயைத் திறக்காதே என்பதுதான் விதி. நான் அந்த இடத்தில் ஒரு பெண்ணின் கையை வைத்தேன். அந்தக் கைக்கு வரைபடம் தெரியாது.

முதலாளி முன்பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தார். ஊர்க்காரர்கள் அவரிடம் போகவில்லை. அவர் செங்கத்தில் எங்கே இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது. போளூருக்கு என்னிடம் வந்தவர்களும் சிலர்தான். எல்லாரும் அக்காவின் வாசலுக்குப் போனார்கள். ஆடியில் பத்து நாள் எந்த வாசலில் வந்து நிற்பார்களோ, அதே வாசல்.

அந்த ஊரில் பட்டாளத்தில் இருக்கும் ஒருவரின் மனைவி இருந்தாள். பிளஸ் டூ வரை படித்தவள், துணிச்சல்காரி. அவளும் ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்திருந்தாள். அவள்தான் அழைப்பிதழை இணைத்து ரெராவில் புகார் கொடுத்தாள். முதலாளிக்கும் எனக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. பதிவு எண் இல்லாமல் விளம்பரம் செய்தது ஏன் என்று என்னைக் கேட்டிருந்தார்கள். கேள்வியை நான் பத்து முறை படித்தேன். பஸ் ஸ்டாண்டில் நான் அந்த மனுஷரைக் கேட்ட அதே கேள்வி.

வக்கீலிடம் போனேன். அழைப்பிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதுல உங்க பேரே இல்லையே மேடம். ஃபோன் நம்பர்தான் இருக்குது. இது ஊர்க்காரங்க வெச்ச பத்திரிகைன்னு சொல்லிடலாம். அந்தம்மா பேரு பெருசா இருக்குது, அவங்கதான் ஊர் சார்பா கூப்பிட்டாங்கன்னு ஒரு வரி போட்டா போதும். அவங்க ஏஜெண்ட் இல்ல, அவங்கள யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. உங்க பதிவு தப்பிச்சுக்கும்."

அவங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். என் பையன் அந்த வருடம்தான் காலேஜ் சேர்ந்திருந்தான். சட்டம் போட்ட அந்தச் சான்றிதழ் இல்லாமல் போனால் டீக்கடை பெஞ்சுக்காரர்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்றும் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், பையனின் ஃபீஸைவிட அந்தச் சிரிப்புதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. பதிலில் கையெழுத்துப் போட்டேன். 'மேற்படி அழைப்பிதழ், அதில் பெயர் கண்டுள்ள கிராமத்துப் பெண்மணியும் ஊர்ப் பொதுமக்களும் தம் விருப்பத்தின் பேரில் விடுத்தது' என்று அதில் இருந்தது.

அந்தப் பதிலின் நகல் புகார் கொடுத்தவளுக்கும் போகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. யோசிக்க விரும்பவில்லை.

பட்டாளத்தார் மனைவி அதை ஊர் நடுவே நின்று சத்தமாகப் படித்தாளாம். அதற்கு மறுநாள் அக்கா காலைப் பஸ்ஸைப் பிடித்து என் ஆபீசுக்கு வந்தாள். அதற்கு முன்னால் அவள் அங்கே வந்ததே இல்லை. நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"நான் எப்போ மேடம் ஊரக் கூப்ட்டேன்?" என்று கேட்டாள்.

தங்கச்சி என்று கூப்பிட்ட வாயிலிருந்து மேடம் என்று வந்தது. "அக்கா, அது கேசுக்காக வக்கீல் எழுதினதுங்க்கா" என்று உளறினேன்.

"உங்க கையெழுத்து இருக்குதுன்னு அந்தப் பொண்ணு காட்னாளே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் கமிஷன் வாங்கிக்கினு ஊரக் கூப்ட்டேன்னு பேசறாங்க. ஒரு வடை தின்னேன், அவ்ளோதான். அத வுடுங்க. பேசறவங்க பேசட்டும். நேத்து எதிர்வூட்டுக்காரங்க மாடு வாங்கிக்கினு வந்தாங்க. கயித்த என் வாசலத் தாண்டி இஸ்துக்கினு போய்ட்டாங்க. என்ன நிமுந்துகூடப் பாக்கல."  முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நம்பரு வந்துடுச்சான்னு நான் கேட்டேன் இல்ல மேடம்? கேட்டேனா இல்லியா?"

"கேட்டீங்கக்கா."

"கேக்கறவங்ககிட்ட அத மட்டும் சொல்லுங்க, போதும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. பின்னால் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். அவள் பஸ் ஸ்டாண்டில் மற்ற பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள். நான் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

என் மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. வீட்டில் பாத்திரத்தைப் போட்டு உடைத்தேன். வக்கீலுக்கு ஃபோன் போட்டு, முதல் பதிலை வாபஸ் வாங்கச் சொன்னேன். "மேடம், நீங்களே உங்க தலையில மண்ணப் போட்டுக்கறீங்க" என்றார். போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

விசாரணையில் நானே பேசினேன். அழைப்பிதழை எழுதியவள் நான், அது விளம்பரம் என்று தெரிந்தே எழுதினேன், எண் வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும் என்றேன். எண் வந்துவிட்டதா என்று கேட்ட ஒரே ஆள் அந்தப் பெண்மணி, அவரிடம் நான் பொய் சொன்னேன் என்றும் சொன்னேன். அதை எழுதிக்கொண்டார்கள். முதலாளி முன்பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவானது. எங்கள் இருவருக்கும் அபராதம் விழுந்தது. என் பதிவை ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். சுவரிலிருந்து சான்றிதழை நானே கழற்றினேன். பெஞ்சுக்காரர்கள் சிரிக்கவில்லை. ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். அது சிரிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு அக்காவின் ஊருக்குப் போனேன். பதினோரு வீட்டுக்கும் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, தப்பு என்னுடையது, அக்காவுக்கு எதுவும் தெரியாது, அவள் ஒரு பைசா வாங்கவில்லை என்று சொன்னேன். சிலர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். பட்டாளத்தார் மனைவி உத்தரவை முழுக்கப் படித்தாள். "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஊர் நடுவுல அப்டிப் படிச்சிருக்க மாட்டேனே" என்று கண்கலங்கினாள். பணம் திரும்பக் கிடைத்ததும் எல்லாரும் அக்காவிடம் பேச ஆரம்பித்தார்கள். அவள் யாரையும் ஏமாற்றவில்லை என்பதை ஊர் ஒப்புக்கொண்டது. எனக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

ஆனால் ஒரு வீட்டில் மட்டும், மாட்டுக் கயிற்றை அக்காவின் வாசலைத் தாண்டி இழுத்துப்போன அந்த எதிர்வீட்டுக்காரர், நான் பேசி முடித்ததும் மெதுவாகக் கேட்டார். "அதெல்லாம் சரிங்க மேடம். அவங்க மேல தப்பு இல்ல, நாங்களே சொல்றோம். ஆனா அவங்க வெச்ச கல்லு தண்ணில போச்சே. அதுக்கு இன்னா சொல்றது?"

 அதற்கான பதில் எந்த உத்தரவிலும் எழுதியிருக்கவில்லை.

அடுத்த ஆடியில் மழை சீக்கிரமே இறங்கியது. நான் மறுபடியும் பாலிசி பிடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை அக்காவின் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நிலமெல்லாம் ஏர் ஓடிக்கொண்டிருந்தது. ரோட்டோரத்தில் இரண்டு நிலங்களில் முதல் கை போட்டது, பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் என்றார்கள். ஊர் இவ்வளவு சீக்கிரம் ஆளை மாற்றிக்கொண்டதே என்று கோபம் வந்தது. யாரிடமாவது சண்டை போட வேண்டும் என்று வேகமாக நடந்தேன்.

அக்காவின் ஒன்றரை ஏக்கரிலும் ஏர் பூட்டியிருந்தது. அக்கா குளித்து, நெற்றியில் மஞ்சள் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றாள். விதைக்கூடை அவளிடம் இல்லை. அந்தப் புதுப்பெண்ணின் இடுப்பில் இருந்தது. அக்கா அவள் தோளைப் பிடித்துக் கிழக்கே திருப்பி நிறுத்தினாள். சூடம் கொளுத்தினாள். "போடும்மா" என்றாள். அந்தப் பெண் கூச்சத்தோடு முதல் பிடியைச் சாலில் போட்டாள்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். "ஏன்க்கா? உங்க நெலத்துக்குமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"இந்த வருசம் வெளஞ்சாவணும் தங்கச்சி" என்றாள்.

அந்தப் பெண் முதல் சால் விதைத்து முடிக்கும் வரை அக்கா வரப்பிலேயே நின்றாள். இரண்டாவது சாலில் கூடையை வாங்கிக்கொண்டு ஏருக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினாள்.